விழித்திருந்தால் வண்டி

பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார்
காக்ஸ் டவுன் வீட்டுக்காரர்.
அந்தப் பணத்தில் வண்டி வாங்கினோம்.
கண் ஆஸ்பத்திரி ஏலத்தில் விட்ட பழைய டெம்போ,
ஊர் ஊராய்ப் போய்ப் பார்வை சோதித்தது.
பின்சுவரில் இன்னும் அந்த அட்டை:
எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக
மூன்று பல் சீப்புகள்,
மேலே பார்த்து, கீழே பார்த்து, இடம் வலம் பார்த்து,
இறங்க இறங்கச் சிறுத்து
கடைசி வரிசை எறும்பு.
அதனடியில்தான் தலை வைத்துப் படுக்கிறோம்
நானும் பியூலாவும்.

அல்சூர் ஏரியோரம் எட்டு மாதம்
யார் கண்ணையும் நாங்கள் உறுத்தவில்லை.
பிறகொரு செவ்வாய்க்கிழமை
மாநகராட்சி ஆட்கள் மஞ்சள் பலகை நட்டார்கள்.
சிமெண்ட் காய்வதற்குள்
ஒரு நாய் வந்து மோந்துவிட்டுப் போனது.
இரவு பத்து முதல் காலை ஆறு வரை
வாகனங்களில் தங்கக் கூடாது.
அபராதம் எவ்வளவென்பது கடைசி வரியில், எறும்பளவில்.
பியூலா ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு படித்தாள்:
"ஐநூறா, ஐயாயிரமா?"

நிறுத்தலாமாம். தங்கத்தான் கூடாதாம்.
பீட் போலீஸ் சித்தலிங்கையா
லத்தியால் தகரத்தைத் தட்டி விளக்கினார்.
"அப்போ உட்காரலாமா சார்?"
"உட்காரலாம்."
"விளக்கைப் போட்டுக்கிட்டு?"
யோசித்தார். "போடலாம்."
"கண்ணை மூடினா?"
"மலகபாரது."
படுக்கக் கூடாது, தூங்கக் கூடாது,
இரண்டுக்கும் அவரிடம் அந்த ஒரே சொல்.

ஆக,
தூங்கினால் வீடு.
விழித்திருந்தால் வண்டி.

எதிர் அடுக்ககத்தின் வாசலில் ஒரு கார்
இரண்டு வருஷமாய் உறையைப் போர்த்திக்கொண்டு
அயர்ந்து தூங்குகிறது.
சக்கரத்தடியில் புல் முளைத்து,
புல்லில் பூனை நான்கு குட்டி போட்டு,
குட்டிகளும் பெரிதாகிப் போய்விட்டன.
அதை யாரும் தட்டி எழுப்புவதில்லை.

வார்டு அலுவலகத்துக்கு மனு எழுதப் போனேன்.
முகவரிக் கட்டத்தில் பேனா நின்றது.
முகம் இருக்கிறது.
வண்டிக்கு ஆயுட்கால வரியும் கட்டியாயிற்று.
சேர்த்து எழுதத்தான் வழியில்லை.
"வண்டி நம்பர் எழுதட்டுமா மேடம்?"
கவுண்டர் அம்மா கண்ணாடிக்கு மேலே பார்த்தார்:
"அது நகருமே."
பூமியும்தான் என்று வாய்வரை வந்தது.
ஜெராக்ஸுக்கு நான்கு ரூபாய் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

அன்றிலிருந்து முறை வைத்துக்கொண்டோம்.
ஒருவர் டிரைவர் சீட்டில்,
இதோ கிளம்பப்போகிறவர் மாதிரி
ஸ்டியரிங்கில் கை, சாவியில் கை.
மற்றவர் பின்னால், வீட்டில்.

நேற்று மூன்றரை மணிக்குத் தகரத்தில் தட்டு.
லத்தி இல்லை. விரல்.
சித்தலிங்கையா தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு,
ராத்திரியில் எதிர்விளக்கு கூசுகிறது,
அந்த அட்டை இன்னும் வேலை செய்யுமா என்றார்.
பின்கதவைத் திறந்து டார்ச் அடித்தேன்.
ரோட்டில் நின்றபடியே இடது கண்ணைப் பொத்தி
மூன்று விரலை விரித்துக் காட்டினார்:
மேலே. வலது. வலது. கீழே.
நான்காம் வரிசையில் விரல்கள் காற்றில் தடுமாறின.
"எந்தப் பக்கம் திறந்திருக்கு சார்?"

அட்டைக்கு ஒரு சாண் கீழே
பியூலா வாய் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

"காணிஸ்தில்ல," என்றார்.
கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
என் பாஷையிலும் ஒருமுறை:
"ஒண்ணுமே தெரியல."