ஃப்ரிட்ஜின் சுருதி

வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்து நான்கு.
வேனின் முன்னிருக்கையில் செல்லோ,
சீட்பெல்ட் போட்டுக்கொண்டு.
செல்லோக்காரி எங்களோடு பின்னால்,
மைக் கம்பிகளுக்கும் ஒரு மூட்டை
உருளைக்கிழங்குக்கும் நடுவே.
உருளைக்கிழங்குதான் போன ஊரின் சம்பளம்.
என் மடியில் பாஸூன்.
ஓட்டுகிறவள் டார்க்கா ஹுபாலோ.

முதல் தட்டு முந்நூறு பிரதி,
‘ஈரக் கையுறைகள்’ என்று பேர்.
விற்றது எண்பத்தெட்டு.
மிச்சம் இருநூற்றுப் பன்னிரண்டும்
அவள் கட்டிலுக்குக் கால்.
சொந்தப் பாட்டின் மேல் தூங்குகிறவள்
ஊரிலேயே நான் ஒருத்திதான் என்பாள்.
பத்திரிகையில் மூன்று வரி வந்தது,
அதில் அவள் பேர் டோர்க்காஸ்.
கத்தரித்துச் சுவரில் ஒட்டினாள், திருத்தாமல்.

பகலில் பல் வைத்தியரின் வரவேற்பு மேஜை.
வலியோடு வருகிறவர்களை உட்காரச் சொல்கிற வேலை.
சந்திப்புச் சீட்டுகளின் முதுகில்
எங்கள் வரிகளை எழுதுவாள்.
ஒருமுறை மேடையில் தவறித் திருப்பிவிட்டேன்:
செவ்வாய், ஒன்பதே கால், கீழ்க் கடைவாய்.

ஷெர்ப்ரூக் தெருவில் சலவைக்கடைக்கு அடியில் ஒரு மதுக்கூடம்.
முதல் இரவு பதினொரு பேர்,
எங்கள் நால்வரையும் சேர்த்து.
மூலையில் பீர் ஃப்ரிட்ஜ்
விடாமல் ம்ம்ம் என்றது.
பி ஃப்ளாட்டும் இல்லை, பி-யும் இல்லை,
பியானோவின் எந்தக் கட்டையிலும் அகப்படாத இடம்.
வேறு யாராயிருந்தாலும் ப்ளக்கைப் பிடுங்கச் சொல்வார்கள்.
டார்க்கா எங்களை அதற்குச் சேரச் சொன்னாள்.
வயோலா இறங்கியது. செல்லோ இறங்கியது.
நான் ஒரு நீளமான ஊதுகுழாயைக் கடன் வாங்கினேன்,
இன்னும் திருப்பித் தரவில்லை.

அப்புறம் ஒவ்வோர் ஊருக்கும் நோட்டில் ஒரு பக்கம்.
ரெஜைனாவில் வெந்நீர்க் குழாய்.
தண்டர் பேயில் மீன்தொட்டி மோட்டார்.

டொராண்டோவிலிருந்து ஒருவர் வந்தார், நல்ல கோட்டு.
தந்திகளை எடுத்துவிட்டால் வானொலிக்குப் போகலாம் என்றார்.
பீட்ரூட் சூப் ஊற்றிக் கொடுத்தாள்.
கோட்டில் ஒரு சொட்டு.
மெத்தை விளம்பரத்துக்கு மட்டும் சரி என்றாள்,
பாட்டில் ஒன்பது வினாடி.
வேனுக்குப் புது கியர்பாக்ஸ் வந்தது.
அதைப் பற்றி நாங்கள் யாரும் பேசவில்லை.

போன மார்ச்சில், நாலாவது தட்டுக்கு,
அறுபது பேர்.
எங்கிருந்து வந்தார்களோ,
படிக்கட்டில்கூட நின்றார்கள்.
மதுக்கூடக்கார ரொஸேர் டெலோர்ம்
மரியாதைக்கென்று ஃப்ரிட்ஜை நிறுத்தியிருந்தார்.
முதல் ஸ்வரத்திலேயே
காலடியில் தரை விட்டுப்போயிற்று.
அறுபது பேருக்கும் அது கேட்கவில்லை.

டார்க்கா கையைத் தூக்கினாள்.
‘ஐந்தாவது ஆள் எங்கே?’
ரொஸேருக்குப் புரியவில்லை.
அவளே மண்டியிட்டு, பெட்டிக்குப் பின்னால்,
கவுனெல்லாம் தூசியாக,
துழாவி ப்ளக்கைச் சொருகினாள்.

ஓர் உதறல். ஒரு செருமல்.
உள்ளே புட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.
வில்லைத் தூக்கிப் பிடித்தபடி
காத்திருந்தோம்
அது நிலைக்கு வரும்வரை.