மேலாற்றுக் கணக்கு

வீட்டுக்காரரின் கடிதம் செவ்வாயன்று வந்தது.
எழுநூற்று எண்பது இனி ஆயிரத்து நூற்றைம்பது.
மரியாதையான கடிதம். ஒரு கமாகூடத் தவறவில்லை.
பல் மருத்துவமனையில் பில் போடுகிறவள் நான்;
பிழையில்லாத தாளைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

அன்றிரவு
மத்தி மீன் முள்ளை ஓரமாக ஒதுக்கிவிட்டு
கட்டம் போட்ட நோட்டை விரித்தேன்.
எதிரே அன்செல்மு.
இருபத்திரண்டு வருஷமாக
கசீலியஷுக்கும் லிஸ்பனுக்கும் நடுவே
பத்து நிமிஷ ஆற்றில் படகு ஓட்டுகிறவன்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
இவன் ஆற்றையே அளந்தவன்,
சில்லறை எண்ணத்தான் வராது.

ஸ்பெயின் எல்லைப் பக்கம்
இதே தேஜு ஒடுங்கி வரும் ஓர் ஊரில்
முந்நூற்று நாற்பதுக்கு வீடு.
மூன்று அறை, பின்னால் ஓர் அத்திமரம்.
வாடகையில் மிச்சம் எண்ணூற்றுப் பத்து யூரோ.
அந்த எண்ணை இரண்டு முறை வாசிக்கச் சொன்னான்.
மூன்றாம் முறை தானே வாசித்தான்.

பிறகு நான் கழிக்க ஆரம்பித்தேன்.

அங்கே படகு இல்லை, பள்ளிப் பேருந்து உண்டு:
அவன் சம்பளத்தில் முந்நூற்றுப் பத்து போச்சு.
எனக்கு முதியோர் இல்லத்தில் கணக்கெழுதும் வேலை:
நூற்றிருபது குறைவு.
கார் இல்லாமல் ரொட்டி வாங்க முடியாது:
தொண்ணூற்றைந்து.
நாலு மாத விறகு,
பன்னிரண்டாய்ப் பிரித்தால் முப்பத்தைந்து.
மாதம் இரண்டு முறை லிஸ்பனுக்கு ரயில்,
டயாலிசிஸ் நாற்காலியில் கிடக்கும்
என் அக்கா லியொகாதியாவின் பக்கத்தில்
நாலு மணி நேரம் சும்மா உட்கார:
முப்பத்தெட்டு.

அந்த வரியை அவன் பார்த்தான்.
என் கையிலிருந்து பென்சிலை வாங்கி
கூர் சீவித் திருப்பிக் கொடுத்தான்.

இருநூற்றுப் பன்னிரண்டு.

"அவ்வளவுதானா?"
அவ்வளவுதான்.

வங்கியில் இருந்த பெண் சொன்னாள்:
ஆறு மாதச் செலவைத் தொடாமல் வைத்திருங்கள்.
அது இருந்தால் நாங்கள் ஏன் போகிறோம், மகளே?
இருப்பது நாலாயிரத்து நூறு.
லாரிக்கு அறுநூற்றைம்பது,
முன்பணம் அறுநூற்று எண்பது,
மீதியின் மேல் உட்கார்ந்து
முட்டையிட்ட கோழிபோல் அசையாமல் இருக்க வேண்டும்.
ஆனால் இன்னொன்றும் சொன்னாள்:
"மே மாதத்தில் போய்ப் பார்க்காதீர்கள். ஜனவரியில் போங்கள்."

போனோம். ஒரு வாரம்.
காலையில் துணி துவைக்கும் கல்மேல் பனி உறைந்திருந்தது.
படுக்கையறைச் சுவரில் கை வைத்தேன்,
மீன் கடைப் பெட்டியைத் தொட்ட மாதிரி.
வீட்டின் சொந்தக்காரர் குஸ்தோதியு,
"நாலே மாதம்தான் இந்தக் குளிர்" என்றார்.
வேலிக்கு அந்தப் பக்கம்
முட்டைக்கோஸ் பறித்துக்கொண்டிருந்தவள்
சிரித்தாள். விரல்களைக் காட்டினாள்.
ஆறு.

நோட்டைக் காரிலேயே எடுத்தேன்.
விறகு: இன்னும் ஒரு பதினேழு.
மிச்சம் நூற்றுத் தொண்ணூற்றைந்து.

கடைசி நாள் அன்செல்மு ஆற்றங்கரைக்கு நடந்தான்.
இரண்டு பாறைகளுக்கு நடுவே
ஒரு கல் எறிந்தால் அக்கரை சேரும் தேஜு.
கைகளை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு
நெடுநேரம் நின்றான்.
"இந்தத் தண்ணீர் எப்போது நம் படகுத்துறைக்கு வரும்?"
நடுவில் அணை இருக்கிறது என்றார் குஸ்தோதியு.
"அப்போ தாமதமாகும்," என்றான்,
கால அட்டவணையைச் சரிபார்க்கிறவன் குரலில்.

திரும்பும் வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தி
இரண்டு காப்பி வாங்கினான்.
எழுபது காசு, எழுபது காசு.
கசீலியஷில் ஒன்றே ஒன்று முப்பது.
குடித்து முடிக்கும் வரை
அதைப் பற்றியே பேசினான்,
பெரிய சொத்து கிடைத்தவன்போல.
நான் திருத்தவில்லை.
எந்தக் கட்டத்தில் அதை எழுதுவது?

திங்கட்கிழமை லாரிக்காரருக்கு
நூறு அனுப்பினேன்.
குறிக்க மறந்துவிட்டேன்.
இப்போது குறிக்கிறேன்.