பதினேழு

உசிலம்பட்டி வண்டியின் கண்டக்டர்
ஒச்சுக்காளை, வயது நாற்பத்தொன்று.
விசில் ஊதும்போதெல்லாம்
வாய் உப்புக் கரித்ததாம்.
பல்டாக்டரிடம் போயிருக்கிறார்.
அவர் பல்லைத் தொடவில்லை,
சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்துவிட்டு
இன்றே மதுரைக்குப் போ என்றிருக்கிறார்.
அந்தப் பல்டாக்டரை நான் கண்டதில்லை.
செக்கானூரணிக்காரராம்.
நன்றாக இருக்கட்டும்.

சனிக்கிழமை, ஆறே கால்.
பனகல் சாலையில் ஓர் ஆம்புலன்ஸ்
நின்ற இடத்திலேயே கத்திக்கொண்டிருக்கிறது.
ஜெசிந்தா கண்ணாடியை நீட்டுகிறாள்,
கத்தரிப்பூ நிறச் சாயம் ஓரத்தில் காயாமல்.
ஒரு சொட்டு எண்ணெய்.
நூறு அணுக்கள் எண்ண வேண்டும், அதுதான் முறை.
ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு தட்டினால்
நூறில் மணியடிக்கும் பழைய பெட்டி
என் இடது கைப்பக்கம்.

ஒன்று. இரண்டு. ஒன்பது.
எல்லாமே வளராதவை.
இதுவாக இருக்கட்டும்,
இதுவாகவே இருக்கட்டும் என்கிறேன்.
புற்றுகளில் ஒன்றைப் பெயர் சொல்லி
வேண்டிக்கொள்ளும் பிழைப்பு.
வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

பதினேழாவது அணுவுக்குள்
விறகுக்கட்டு.
சிவந்த குச்சிகள்,
யாரோ இறுக்கிக் கட்டி
தூக்கிப்போக மறந்த மாதிரி.

போன ஆடியில், எழுமலைப் பெண்ணின் கண்ணாடியில்
இதைத்தான் தேடினேன்.
நூறு, இருநூறு, ஐந்நூறு வரை.
இல்லை.

மணியடிக்கக் காத்திருக்காமல் எழுந்தேன்.
உறுதி செய்யும் சோதனை சென்னையிலிருந்து வர ஐந்து நாள்,
மூளைக்குள் கசிய ஒரு ராத்திரி போதும்.
பழுப்பும் மஞ்சளுமாய் மாத்திரைகளைப்
பவுன்தாயின் உள்ளங்கையில் எண்ணி வைத்தேன்.
வளராத அணுவை வளர்த்து
தானாகப் போகவைக்கும் மருந்து, என்றேன்.
நாளைக்குப் பாஷாணமும் ஏறும் என்பதை
அவளிடம் எப்படிச் சொல்ல என்று யோசிக்கையில்
கட்டிலிலிருந்து அவர் கேட்டார்:
'அப்ப கூட்டம்தான் சீக்கா, டாக்டரம்மா?
படியில தொங்குறவய்ங்க
ஸ்டாப்பு வந்தா எறங்கிருவாய்ங்களா?'
இறங்குவார்கள், என்றேன்.
பெரும்பாலும், என்பதை
அறைக்கு வெளியே வந்து சொன்னேன்.

டிப்போவிலிருந்து ஆறு பேர் காக்கியோடு வந்தார்கள்
தட்டணு கொடுக்க.
நான்கு பேரைத்தான் எடுத்தோம்.
ஒருவர் முந்தாநாள் ஆஸ்பிரின் போட்டவர்,
இன்னொருவர் ஊசியைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்,
கியர் போட்டுப் போட்டுக் காய்ப்பேறிய கை,
நடுங்கிக்கொண்டே
எல்லாருக்கும் டீ வாங்கி வந்தார்.

விசிலை என்னிடம் கொடுத்துவிட்டார் ஒச்சுக்காளை.
கையிலிருந்தால் ஊதத் தோன்றுமாம்,
ஈறு தாங்காது.
நூல் கோத்த பித்தளை விசில்,
துளையருகே கறுத்த ஒரு பொட்டு.
துடைக்கவில்லை.

மணி ஒன்பதே முக்கால்.
எண்ணெய் காயவில்லை.
பெட்டி விட்ட இடத்திலேயே நிற்கிறது.
நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொள்கிறேன்.

பதினெட்டு.