முப்பத்து மூன்று பாகை

வினிபெக்கில், வெளியே, சைபருக்குக் கீழே முப்பத்தொன்று.
ஏழாம் மாடியில்
உங்களை முப்பத்து மூன்றில் வைத்திருக்கிறார்கள்.
தொடையில், நெஞ்சில் ஒட்டிய நீலப் பட்டைகளுக்குள்
தண்ணீர் ஓடுகிறது.
கட்டிலடியில் ஒரு பெட்டி பழைய ஃபிரிட்ஜ் போல உறுமுகிறது.
குளிர் மூளைக்கு நல்லதாம்.
இருபத்திரண்டு வருஷம் இந்தக் குளிரைத் திட்டித் தீர்த்த மனுஷனுக்கு
இதை யார் சொல்வது?

எல்லோருக்கும் ஒரே கேள்வி.
விழுந்ததிலிருந்து நெஞ்சை அமுக்கத் தொடங்கும்வரை எத்தனை நிமிடம்?
ஆம்புலன்ஸில் கேட்டார்கள். அவசரப் பிரிவில் கேட்டார்கள்.
இளம் டாக்டர் தாடியைத் தடவியபடி மறுபடி கேட்டார்.
பனி வாரும் சத்தம் நின்றது எனக்குக் கேட்டது.
முடித்துவிட்டீர்கள் என்று நினைத்தேன்.
ரைஸ் குக்கரைத் தட்டிவிட்டேன்.
ஒரு வெங்காயம் உரித்தேன்.
இரண்டாவதில் கத்தியை வைக்கும்போது
ரொடேலியோ என் பெயரைச் சொல்லிக் கத்தினார்.
ஒரு வெங்காயம் எத்தனை நிமிடம்?
நாலு என்றேன். எழுதிக்கொண்டார்.

ரொடேலியோவுக்கு பேக்கரியில் மாவு பிசைந்த கைகள்.
உங்கள் விலா எலும்பில் மூன்று முறிந்துவிட்டன.
அதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டு
காரிடோரில் நின்று அழுதார்.
முறிந்தால்தான் சரியாக அமுக்கியிருக்கிறார் என்றாள் நேர்ஸ் ஒக்ஸானா.

அவள் மணிக்கொருதரம் உங்கள் இமையைத் தூக்கி
டோர்ச் அடித்துப் பார்க்கிறாள்.
அவரோடு கதையுங்கள், கேட்டாலும் கேட்கும், என்கிறாள்.

கதைப்பதா.
பதினொரு நாள் நாங்கள் கதைக்கவில்லை என்பதற்கு
எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.
உங்கள் தம்பிக்குப் போன நாலாயிரம் டொலர்.
வங்கித் தாளில் நான் அதைக் கண்டது.
பிறகு ஃபிரிட்ஜ் கதவில், காந்தத்துக்கு அடியில், துண்டுகள்:
பால் முடிந்தது.
ஹீட்டர்காரன் செவ்வாய் வருவான்.
கடைசித் துண்டு உங்களுடையது.
பனி வாரிவிட்டுச் சாப்பிடுகிறேன்.

மூன்றாம் நாள்.
மணிக்குக் கால் பாகையாக ஏற்றி, இப்போது முப்பத்தாறு புள்ளி எட்டு.
மயக்க மருந்தைக் காலையிலேயே நிறுத்திவிட்டார்கள்.
உங்கள் மொழியில் எப்படிச் சொல்வது என்று கேட்டாள் ஒக்ஸானா.
திறவுங்கோ என்றேன்.
அவள் நாக்குக்கு அது நீளம். சின்னதாகத் தா என்றாள்.
வெள்ளைப் பலகையில் தன் எழுத்தில் எழுதிவைத்தாள்:
கண்ணைத் திற. கையை அமத்து.
அவள் வாயில் கண் கன்னமாகிவிடுகிறது.
ஒரு உக்ரேனியப் பெட்டை உங்களை நீ என்கிறாள்.
நான் ஒருநாளும் சொன்னதில்லை.

குனிந்தேன்.
பதினொன்றும் மூன்றும் பதினாலு நாளுக்குப் பிறகு
உங்கள் காதுக்குள் என் முதல் சொல்:
திற.

இடது கால் பெருவிரல் அசைந்தது.
அது கணக்கில் வராது, தானாக வரும் அசைவு, என்றாள் ஒக்ஸானா.
ஆனாலும் நேரத்தைக் குறித்துவைத்தாள். 4:52.

இப்போதுதான் ஞாபகம் வருகிறது, குக்கரை நிறுத்தாமல் வந்துவிட்டேன்.
சின்ன மஞ்சள் விளக்கு எரிந்தபடி
மூன்று நாளாக உங்கள் சோறு சூட்டிலேயே கிடக்கும்.
அடி பிடித்திருக்கும்.
ரொடேலியோவிடம் வீட்டுத் திறப்பு இருக்கிறது.
போய் நிறுத்திவிடுங்கள் என்று சொல்ல
ஃபோனைக் கையில் எடுத்தேன்.
திரும்ப வைத்துவிட்டேன்.