நீலம் எட்டிய தூரம்

யாருடையவை என்று தெரியாத கடைவாய்ப் பற்கள்
நாற்பது
குப்பி நீரில் கிடக்கின்றன.
மொந்தேவிதேயோவில் ஜூலைக் குளிர்.
ஆய்வக ஹீட்டர் இருமுகிறது.

பள்ளத்தைத் துலக்கி, அமிலம் தொட்டு, கழுவி,
காற்றூதி உலர்த்திப் பிசின் இடுகிறேன்.
விளக்கொளியில் இருபது நொடியில் இறுகிவிடுகிறது.
முரண்டு பிடிக்காத பற்கள்.
எச்சில் படாத பற்கள்.

பிறகு எந்திரம்.
ஐந்து டிகிரியில் ஒரு முக்கு,
ஐம்பத்தைந்தில் ஒரு முக்கு.
சளக். சளக்.
பத்தாயிரம் தடவை.
ஓராண்டு வாய் என்பது கணக்கு.
யார் வாய் என்பது கணக்கில் இல்லை.

பிசினைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் விட்டு
மிச்சப் பல்லுக்கெல்லாம் சிவப்பு நகப்பூச்சு,
ஞாயிற்றுச் சந்தையில் வாங்கியது.
கல்யாணத்துக்குப் புறப்பட்டவை போல
மெத்திலீன் நீலத்தில் இறங்குகின்றன,
ஓர் இரவு, ஒரு பகல்.

வைர ரம்பம் இரண்டாகப் பிளக்கிறது.
நீலம் நுழையவில்லையென்றால் பூஜ்யம்.
அடிப்பள்ளம் வரை போயிருந்தால் மூன்று.
முக்கோணம் ஒட்டிய புட்டியில் மூன்றும் இரண்டுமாய்.
வட்டம் ஒட்டிய புட்டியில்
பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, பூஜ்யம்.
வட்டமே மேல் என்று கையெழுத்திட்டேன்.
நெல்தா பிரோத்தோ, அழகான கையெழுத்து.

இரண்டு வருடம் கழித்துப் பேருந்தில் சால்தோ.
ஆரஞ்சுத் தோப்பை ஒட்டிய பள்ளியில்
பல் மருத்துவர் ஒஃபேலியா பாரெனெச்சேயா
ஒவ்வொரு பிள்ளைக்கும்
இடப்பக்கம் வட்டம், வலப்பக்கம் முக்கோணம் இட்டிருந்தாள்.
இருபத்தாறு வாய்கள்.

முதலில் யமாந்து, ஒன்பது வயது.
வீட்டில் சுடச்சுட மாத்தே உறிஞ்சிவிட்டு
வழியெல்லாம் ஐஸ் கடித்து வந்திருக்கிறான்.
என் எந்திரம் பார்த்தால் வெட்கப்படும்.
வாயைத் திற என்றால் சிரிக்கிறான்.
இடப்பக்கம் வெறும் பல்.
வட்டம் போன இடம் தெரியவில்லை.

அடுத்தவளுக்கும் இல்லை.
அதற்கடுத்த இரட்டையரில் ஒருவனுக்குப் பாதி.
பதினொரு வாயில் வட்டம் கழன்றிருந்தது,
நான்கில் முக்கோணம்.

"இட்ட அன்று உறிஞ்சுகுழாய் பழுது," என்றாள் ஒஃபேலியா.
"இவன் நாக்கு மீன் மாதிரி.
பஞ்சு வைத்தேன், துப்பினான். வைத்தேன், துப்பினான்.
உன் வட்டத்துக்கு ஈரம் ஆகாது போல."

முக்கோணத்தின் விளிம்பில் பழுப்புக் கோடு.
கசிந்திருக்கும்.
ஊசியால் தடவினேன்; வழுக்கிப் போயிற்று.
அடியில் சொத்தை இல்லை.
நீலத்தின் துகள் கிருமியைவிட வெகு சிறிது.
அது புகுந்த சந்தில் அவையும் புகும் என்று
யார் எழுதிக் கொடுத்தது?

ஆனால் நயாரா என்றொரு பெண்.
வலக் கீழ்ப்பல், பின்கோடிக் குழி.
ரம்பத்தின் கீழ் நீலம் எப்போதும் முதலில் ஓடும் மூலை.
அங்கே ஊசி சிக்கியது.
சொத்தை.
சரியாகச் சொல்லியிருக்கிறேன்.
மகிழ்ச்சி வரவில்லை.

"உன் நீலம் எவ்வளவுதான் சொல்லும்?"
மதிய உணவின்போது கேட்டாள், குற்றமாக இல்லாமல்.

திரும்பும் பேருந்தில் மடிமேல் தாள் விரித்து
ஆய்வகம் கீழே, வாய் பக்கவாட்டில் என்று
புள்ளி வைத்தேன்.
ஓட்டுநர் கண்ணாடியில் அடிபட்ட கொசுக்கள் போலச் சிதறல்.
கோடு போடலாம்,
போட ஆசை இருந்தால்.
பேருந்து குலுங்கி பேனா தானாக ஒன்று போட்டது.

இன்று புதுத் தொகுதி, நாற்பது பற்கள்.
அமிலம், கழுவல், காற்று.
பிசினுக்கு முன் கதவைப் பார்த்துக்கொண்டு
ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எச்சில் விடுகிறேன்.
நெறிமுறையில் இல்லை.
இருபதாவது பல்லில் வாய் வறண்டுவிட்டது.
எலுமிச்சையை நினைத்துக்கொண்டேன்.

பதிவேட்டில் மாசு என்ற கட்டத்தில்
எழுதி வைக்கிறேன்:
எச்சில். என்னுடையது.