ஆண், எழுபத்திரண்டு

பரேலில் மழை. மணி இரண்டே முக்கால்.
ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்தவன்
கையெழுத்து வாங்கிக்கொண்டு டீக்குப் போய்விட்டான்.

பெயர் இல்லை. ஆண், எழுபத்திரண்டு.
பதினோரு வருடமாய் பிரஷர் மாத்திரை.
வயதைக் கேட்டதுமே
இரண்டு ஆஸ்பத்திரிகள் போனை வைத்துவிட்டனவாம்.

வலது ஐந்து, தகராறில்லை.
இடதில் உறையவைத்துச் சீவிய துணுக்கு
லென்ஸுக்கடியில் இளஞ்சிவப்பு.
எண்ணுகிறேன்: வடிமுடிச்சுகள் முப்பத்தொன்று.
ஆறு இறுகிப்போனவை.
ஏழாவது
பாதி மூடி, பாதி திறந்து.

தமனிச் சுவர் தடித்திருக்கிறது;
லால்பாக் சால் ஒன்றின் நாலாவது மாடிக் குழாய்க்கு
விடிகாலையில் தண்ணீர் ஏறுவதுபோல்
மூச்சுப் பிடித்துத்தான் ரத்தம் ஏறியிருக்கும்.
ஏறியிருக்கிறது, நேற்று வரை.

கூட்டினால் ஆறு.
அந்த ஏழாவதையும் செத்ததில் சேர்த்தால் ஏழு;
ஏழென்றால் குப்பைக்கு.
முழுதாய் மூடினதைத்தான் சேர்க்க வேண்டும், விதி.
தெரியும். இருந்தும் மூன்று தடவை பார்த்தேன்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து ஒரு தடவை.

"தேறுமா மேடம்?" கஸ்பேக்கர், மராத்தியில்.
தனித்தனியாய்த் தேறாது.
இரண்டையும் ஒரே ஆளுக்கு வையுங்கள்.

போனில் கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்.
பிறகு: முலுண்டில் ஒரு அம்மா, அறுபத்தாறு,
டயாலிசிஸ் ஏழாவது வருடம்,
சிறுநீர் கழிப்பதையே மறந்தவள்.

நாளை அவள் கட்டிலோரப் பையில்
மஞ்சளாய் நாலு சொட்டு விழுந்தால்
யாரும் எனக்குச் சொல்லப்போவதில்லை.

தகட்டில் எண் எழுதி அடுக்கினேன்.
எனக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது.
டாய்லெட்டுக்குப் போய்வந்தேன்,
முதல்முறையாகக் காது கொடுத்து.