பின்னல் வகுப்பு

வூப்பர்டாலில் ரயில் தொங்கிக்கொண்டு போகும்.
மேலே தண்டவாளம், கீழே ஆறு,
நடுவில் நாங்கள் இருவர்.
பதினொரு வாரம்
பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முப்பத்துநாலு வயதுவரை
என்னைப் போன்ற ஒருத்தியை
கண்ணாடியில் மட்டுமே கண்டிருந்தேன்.
கண்ணாடியும் பாதி நாள்
ஊரோடு சேர்ந்துகொள்ளும்.

பன்னிரண்டாம் வாரம்
இறங்குகிற அவசரத்தில்
என் மடியில் ஒரு பயணச்சீட்டைப் போட்டாள்.
பின்புறம் தொலைபேசி எண்.
பெயர்: மெக்ட்டில்ட்.
சிரித்துவிட்டேன்.
நான் ரோஸ்விதா.
எங்களைவிட ஜெர்மன் பெயர்கள்
கல்லறைகளில்தான் கிடைக்கும்.

ஏழு பேரானோம்.
உட்கார ஓர் அறை வேண்டும்.
தேவாலயக் கூடத்துப் படிவத்தில்
உடற்பயிற்சி, பைபிள், பாடகர் குழு, பின்னல்
என்று நான்கே கட்டங்கள்.
"பேசுவதற்கு" என்றொரு கட்டம் இல்லை.
காவலாளி குவாஸ்ட் பேனாவை நீட்டியபடி
"நன்றாக ஜெர்மன் பேசுகிறீர்களே,
எங்கே கற்றீர்கள்?" என்றார்.
"இதே தெருவில், பதினேழாம் எண்ணில்"
என்றாள் மெக்ட்டில்ட்,
பின்னலுக்கு நேரே குறியிட்டாள்.

பொய்யும் இல்லை.
இரண்டாம் செவ்வாயே
இல்காவின் தலையைப் பிரித்து
மூன்று பேர் பின்ன உட்கார்ந்தோம்.
பிறந்ததிலிருந்து அந்த முடியில்
வலிக்காமல் சீப்பு ஓடியதில்லையாம்.
அழுதாள். யாரும் கேட்கவில்லை,
கை வேலையாக இருந்தது.

அன்னெக்ரெட் மட்டும் தள்ளி உட்கார்ந்தாள்.
அனாதை விடுதியில் வளர்ந்தவள்,
சுவரைப் பார்த்துச் சாப்பிடப் பழகியவள்.
எந்த ஊர் என்றதற்கு
"ஹாகன்" என்றாள்.
சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்,
"இல்லை, உண்மையில்?" என்ற
அடுத்த கேள்விக்கு.
எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.
அவளுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நல்லவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.
எங்களை நாங்கள் என்னவென்று அழைப்பது?
ஒரு முழு இரவு சண்டை.
மற்றவர்கள் வைத்த பெயர்களைக்
கரும்பலகையில் எழுதி அழித்தோம்.
சுண்ணாம்புத் தூள் கைகளில் வெள்ளையாய் ஒட்டியதற்குச்
சிரித்தோம், மறுபடி சண்டை.
கறுப்பு என்றால் போதும் என்றார்கள் மூவர்.
ஆப்ரோ ஜெர்மன், நடுவில் சிறுகோடு,
என்றோம் நால்வர்.
தோற்ற அன்னெக்ரெட் கதவை அறைந்து போனாள்.
குடையை மறந்துவிட்டதால் திரும்பி வந்தாள்.
மழை நிற்கவில்லை.
உட்கார்ந்தாள்.

காப்பி டப்பாவில் நாற்பத்தோரு மார்க்.
நான் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவள்.
எந்த ஊர் எந்தப் பைக்குள் என்று
தூக்கத்திலும் சொல்வேன்.
ரயிலடி ஆப்பிரிக்கக் கடைகளில்
சேப்பங்கிழங்குக்கும் தலை எண்ணெய்க்கும் நடுவே
எங்கள் முகவரியை ஒட்டிவிட்டு வந்தோம்.
ஒரு மாதம் ஒன்றும் இல்லை.
பிறகு ஐஃபெல் மலைக் கிராமமொன்றிலிருந்து
ஒற்றை வரிக் கடிதம்:
நீங்கள் எத்தனை பேர்?
பதில் எழுத
ஆறு காகிதம் கிழித்தோம்.

டிசம்பரில் குவாஸ்ட் வந்து நின்றார்.
ஒரு வருடம் பின்னியிருக்கிறீர்கள்,
கிறிஸ்துமஸ் சந்தைக்கு ஒன்றும் தர மாட்டீர்களா?
ஊசி பிடிக்கத் தெரிந்தது ஒருத்திக்குத்தான்.
ஏழு பேரும் முறைபோட்டு
ஒரு கழுத்துத் துண்டு முடித்தோம்.
கை மாறிய இடமெல்லாம் தெரிந்தது:
இங்கே இறுக்கம், அங்கே தொளதொளப்பு,
இல்கா தவறவிட்ட கண்ணியில்
விரல் போய்வரும்.

ரோமத் தொப்பிக்காரி ஒருத்தி
அதைத் தடவிப் பார்த்தாள்.
"விசித்திரமான வேலைப்பாடு. எந்த நாட்டுடையது?"

"ஹாகன்," என்றாள் அன்னெக்ரெட்.

"இல்லை, உண்மையில்?"

"ஹாகன் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம்.
எட்டு மார்க்."

எட்டு மார்க்குக்குப்
பத்து தபால்தலைகள்.